பைபாஸ்லயே போயிட்டா எப்படி பாஸ்?

ஹாஸ்டல்ல முதல் நாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு நிமிர்ந்தா, பக்கத்துக் கட்டில்காரர் கேட்கிற முதல் கேள்வி: ‘‘எந்த ஊரு?’’ மதுரைன்னா ‘மல்லி!’, திருநெல்வேலின்னா ‘அல்வா!’, கோயமுத்தூர்னா ‘ஏனுங்கோவ்!’. இதுவே ‘‘பெரம்பலூர்’’னு சொல்லிப் பாருங்க. ரெண்டு செகண்ட் மௌனம். அப்புறம், ‘‘ஓ... திருச்சி போற வழியில வருமே, அதுவா?’’ அரியலூர்னா இன்னும் சுருக்கம். ‘‘சிமென்ட்!’’ அத்தோட பேச்சு முடிஞ்சது.

பெரம்பலூர்க்காரங்களே, அரியலூர்க்காரங்களே... இந்த வாரம் உங்க வாரம். மத்த ஊர்க்காரங்க கோவிச்சுக்காம கூட வாங்க. நீங்க பைபாஸ்ல தூங்கிக்கிட்டே தாண்டிப் போன ஊருக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவில நியூஜெர்சி, பென்சில்வேனியா மாதிரி மாநிலங்கள்ல ‘பரோ’ன்னு ஒரு வகை ஊர் உண்டு. நம்ம பேரூராட்சி மாதிரி. சில பரோவில மொத்தமே சில நூறு பேர்தான். ஆனா எத்தனை பேர் இருக்காங்க, எந்த வயசுல இருக்காங்க, எந்த நாட்டிலிருந்து வந்த குடும்பம், வீட்டில என்ன மொழி பேசுறாங்கன்னு சகலமும் கணக்கெடுத்து வெச்சிருப்பாங்க. அத்தனை சின்ன ஊருக்கே ஒரு பயோடேட்டா இருக்கும்போது, நம்ம ஊருக்கு நாம ஒண்ணு போட்டுப் பார்த்தா என்ன?

சின்னதுதான்... அதுக்கென்ன?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே குறைவான மக்கள் வாழ்ந்த மாவட்டம் பெரம்பலூர். 5,65,223 பேர். அடுத்தது நீலகிரி. அதுக்கடுத்து நம்ம அரியலூர், 7,54,894 பேர். அதே கணக்குல சென்னையில 46 லட்சம். அதாவது சென்னைக்குள்ள எட்டு பெரம்பலூரை உட்கார வெச்சாலும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். சின்ன ஊருன்னு யாராவது நக்கல் அடிச்சா அசராதீங்க. 2018 உலகக் கோப்பையில மெஸ்ஸியோட அர்ஜென்டினாவை 1-1னு மடக்கி உட்கார வெச்ச ஐஸ்லாந்து நாட்டோட மொத்த ஜனத்தொகை நாலு லட்சம்கூடக் கிடையாது.

நகரம்னு பார்த்தா, பெரம்பலூர் டவுன்ல அப்போ 49,648 பேர். அரியலூர் டவுன்ல வெறும் 28,902 பேர். மாவட்டத் தலைநகரைவிட ஜெயங்கொண்டம் பெரிசு! அரியலூர் மாவட்டத்தில 100 பேர்ல 89 பேர் கிராமத்துக்காரங்க. பெரம்பலூர்ல 83 பேர். தமிழ்நாடு மொத்தத்தையும் எடுத்தா கிட்டத்தட்ட பாதிப் பேர் நகரத்துக்குப் போயாச்சு. இந்த ரெண்டு மாவட்டமும்தான் இன்னும் வெள்ளெனவே எழுந்து காட்டுக்குப் போகுது. (நம்ம பக்கத்தில ‘காடு’ன்னா புலி உலாத்துற காடு இல்லீங்க. மக்காச்சோளமும் பருத்தியும் நிக்கிற மானாவாரி நிலம்.)

அண்ணன் திருச்சி, அக்கா பெரம்பலூர், தம்பி அரியலூர்!

அட்மிஷன் ஃபார்ம்ல ‘பிறந்த மாவட்டம்’னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க. அரியலூர்க்காரங்க அங்கே பேனாவை வெச்சுட்டு ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. காரணம் இருக்கு. 1995 வரைக்கும் ரெண்டுமே திருச்சி மாவட்டம். அந்த வருஷம் திருச்சியை மூணாப் பிரிச்சு, பெரம்பலூரைத் தனி மாவட்டமாக்கினாங்க, அரியலூர் அதுக்குள்ள. 2001 ஜனவரி 1-ல அரியலூர் தனிக்குடித்தனம் போச்சு. 2002 மார்ச் 31-ல மறுபடி பெரம்பலூரோடவே சேர்த்துட்டாங்க. 2007 நவம்பர் 23-ல திரும்பவும் தனி! ஒரே வீட்டில 1994-ல பிறந்த அண்ணன் திருச்சி மாவட்டம், 1998-ல பிறந்த அக்கா பெரம்பலூர், 2001-ல பிறந்த தம்பி அரியலூர், 2004-ல பிறந்த கடைக்குட்டி மறுபடி பெரம்பலூர். வீடு மட்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கு.

எம்.பி. தொகுதி இன்னும் தமாஷ். ‘பெரம்பலூர்’னு ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருக்கு. ஆனா அதுல இருக்கிற ஆறு சட்டமன்றத் தொகுதியில பெரம்பலூர் ஒண்ணுதான் இந்த மாவட்டம். மிச்சமெல்லாம் லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், குளித்தலை. பக்கத்தில இருக்கிற குன்னமும் அரியலூரும் ஜெயங்கொண்டமும் சிதம்பரம் எம்.பி.க்கு ஓட்டுப் போடுது. கடல் பார்க்காத ஊர், கடற்கரைப் பக்கத்து எம்.பி.!

ஒருத்தருக்கு ரோடு, ஒருத்தருக்கு ரயிலு

ரெண்டு ஊருக்கும் நடுவில 30 கிலோமீட்டர்தான். ஆனா சொத்துப் பிரிச்ச மாதிரி ஒண்ணு நடந்திருக்கு. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூருக்கு; ரயில்பாதை அரியலூருக்கு. பெரம்பலூர் மாவட்டத்தில ரயில்வே ஸ்டேஷனே கிடையாது. அதனாலதான் பெரம்பலூர்ப் பசங்க ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட ஏதாவது ஒரு பஸ்ஸைப் பிடிச்சு சென்னைக்குக் கிளம்பிடுறாங்க. அரியலூர்ப் பசங்க ரயில் டைம்டேபிளை மனப்பாடமாச் சொல்றாங்க.

அரியலூர் ரயில்னதும் ஒரு பழைய தேதியைச் சொல்லியாகணும். 1956 நவம்பர் 23. மழை வெள்ளத்தில மருதையாற்றுப் பாலம் உடைஞ்சு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள்ள கவிழ்ந்துச்சு. 140 பேருக்கும் மேல இறந்தாங்க. அப்போ ரயில்வே மந்திரியா இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. தார்மீகப் பொறுப்புன்னு சொல்லிப் பதவியை ராஜினாமா செஞ்சார். பொது அறிவுப் பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. ஊர் எதுன்னு மறந்திருப்பீங்க. சரியா 51 வருஷம் கழிச்சு, அதே நவம்பர் 23-லதான் அரியலூர் கடைசியாத் தனி மாவட்டமாச்சு. தேதி எதேச்சையா அமைஞ்சதாத்தான் இருக்கும்.

உங்க ஹாஸ்டல் சுவர் ஒரு காலத்தில கடல்

‘சிமென்ட்!’னு சொன்ன பக்கத்துக் கட்டில்காரருக்கு இந்தப் பத்தி. சிமென்டுக்கு வேண்டியது சுண்ணாம்புக்கல். அது அரியலூருக்கு எப்படி வந்துச்சு? பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கே கடல் இருந்துச்சு. அந்தக் கடல்ல வாழ்ந்த கிளிஞ்சலும் நத்தையும் செத்துப் படிஞ்சு படிஞ்சு கல்லாச்சு. 1979-ல அரசோட டான்செம் ஆலை வந்துச்சு. பிறகு டால்மியா, ராம்கோ, செட்டிநாடு, அல்ட்ராடெக்னு வரிசையா வந்தாங்க. ஆக, உங்க ஹாஸ்டல் சுவர்ல அரியலூர் சிமென்ட் இருந்தா, நீங்க ஒரு பழங்கடல்ல சாஞ்சுதான் செமஸ்டருக்குப் படிச்சுட்டிருக்கீங்க!

பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் பக்கத்தில போனா, மழை அரிச்சு வெச்ச செம்மண் மேடுகள் வேற கிரகம் மாதிரி இருக்கும். சுறாப்பல்லும் அம்மோனைட்டும் அங்கே கிடைச்சிருக்கு. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாப் படுத்திருக்கு. 12 கோடி வருஷ வயசு. 1940-ல புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சார். கல்லமேட்டில கிடைச்ச எலும்புகளை வெச்சு 1987-ல ‘புருகத்காயோசாரஸ்’னு ஒரு டைனோசருக்குப் பேர் வெச்சாங்க. ‘பெருத்த உடம்புக்காரர்’னு அர்த்தம். பாவம், அந்த எலும்புகளே பிற்பாடு சிதைஞ்சு போச்சு. 2020-ல குன்னத்தில ‘டைனோசர் முட்டை’ கிடைச்சதா ஊரே திரண்டது ஞாபகமிருக்கா? அது முட்டை இல்லை, அம்மோனைட் வகைப் படிவம்னு நிபுணர்கள் சொல்லிட்டாங்க. செல்ஃபி எடுத்தவங்க எடுத்தவங்கதான்.

இந்த ஊர்ல அம்மோனைட் எல்லாம் சாதாரணம். ஆனா கல்லை வெட்டின பள்ளமும், சுண்ணாம்புக்கல் லாரி கிளப்புற புழுதியும் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போற பிள்ளைங்களுக்குத்தான் தெரியும். சிமென்ட் மூட்டைல அதை எழுதுறதில்லை.

யார் யாரு இருக்காங்க?

பெரம்பலூர் மாவட்டத்தில 100 பேர்ல 31 பேர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவங்க. மாநில சராசரி 20. அரியலூர்ல 23. இந்த எண்ணிக்கை கிராமத்துக் கூலி வேலையிலயும் தெரியும், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுலயும் தெரியும்.

இதைத் தவிர ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தனி முகம். வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டில முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். வளைகுடா நாட்டில சொந்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும். அரும்பாவூர்ல மரத்தைச் சாமியாக்குற கை. 2020-ல அந்த மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. வாரியங்காவல், இலையூர் பக்கம் தறிச் சத்தம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காடு. வரதராஜன்பேட்டை கிறிஸ்தவர்கள் நிறைஞ்ச பேரூர். ஏலாக்குறிச்சியில இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தங்கி, தமிழ் படிச்சு, தமிழே எழுதினார். உ.வே.சாமிநாதையர் சின்னப் பையனா அரியலூர்லயும் குன்னத்துலயும் தமிழ்ப் பாடம் கேட்டிருக்கார். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்லவே வேணாம். ராஜேந்திர சோழனோட தலைநகரம், 2004-லயிருந்து யுனெஸ்கோ பட்டியல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி சென்னையிலிருந்து யாராவது வந்து இங்கே ஹாஸ்டல்ல சேர்ந்திருந்தா, ‘‘சென்னையா? அது எங்கே இருக்கு?’’ன்னு நாமதான் கேட்டிருப்போம்.

விவசாயத்தில பெரம்பலூரோட கெத்து மூணு: மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். வெங்காயத்தை அறுவடை பண்ணி, காத்தோட்டமா பட்டறை போட்டு, விலை ஏறுற வரைக்கும் காத்திருப்பாங்க. ஏறினா காலேஜ் ஃபீஸ். இறங்கினா... வட்டிக்காரர். 2018-ல மக்காச்சோளத்தில அமெரிக்கப் படைப்புழு புகுந்து குருத்தைத் தின்னுட்டுப் போச்சு. ‘ஃபீஸ் அடுத்த மாசம் கட்டிடுறேன் சார்’னு அந்த வருஷம் ஆபீஸ் ரூம்ல நின்ன பிள்ளைங்கள்ல எத்தனை பேர் இந்தப் பக்கத்துக்காரங்களோ!

ஒரு கணக்கு இடிக்குதே!

இப்போ கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்.

2011 கணக்கில அரியலூர் மாவட்டத்தில 1,000 ஆண்களுக்கு 1,015 பெண்கள். பெரம்பலூர்ல 1,003. மாநில சராசரி 996. பெண்கள் அதிகம்! ‘அட, சூப்பர் ஊரு’ன்னு தோணுது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அடுத்த வரியைப் படிக்கிற வரைக்கும்.

அதே கணக்கில ஆறு வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளை மட்டும் தனியா எண்ணியிருக்காங்க. அரியலூர்ல ஆண் குழந்தைகள் 42 ஆயிரத்துச் சொச்சம். பெண் குழந்தைகள் 38 ஆயிரத்துக்கும் குறைவு. 1,000 பையன்களுக்கு 900 பொண்ணுங்ககூட இல்லை. மாநிலத்தோட சராசரி 943. தமிழ்நாட்டில ரொம்பக் கீழே இருந்த மாவட்டங்கள்ல அரியலூரும் பக்கத்துக் கடலூரும் இருந்துச்சு. பெரம்பலூரும் சராசரிக்குக் கீழேதான்.

பெரியவங்க கணக்கில பெண்கள் அதிகம், குழந்தைகள் கணக்கில குறைவு. எப்படி? முதல் பாதிக்கு விடை சுலபம். வேலை தேடி ஆம்பளைங்க வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போயிடுறாங்க. கணக்கெடுக்க வரும்போது வீட்டில இருக்கிறது அம்மாவும் ஆத்தாவும். அதுல பெருமைப்பட ஒண்ணுமில்லை. ரெண்டாவது பாதிக்கு விடையைத்தான் யாரும் உரக்கச் சொல்றதில்லை. இயற்கையா 1,000 ஆண் குழந்தை பிறந்தா சுமாரா 950 பெண் குழந்தை பிறக்கும். அந்தக் கணக்குப்படி அரியலூர்ல 40 ஆயிரம் பெண் குழந்தைகள் இருந்திருக்கணும். ரெண்டாயிரம் பேருக்கும் மேல காணோம். ஒரு மாவட்டத்தில, ஏழு வருஷத்துப் பிறப்பில.

எங்கே போனாங்க? கருவில என்ன குழந்தைன்னு பார்த்துச் சொல்றது குற்றம்னு 1994-லயே சட்டம் வந்தாச்சு. ஸ்கேன் சென்டர் வாசல்ல போர்டும் தொங்குது. ஆனாலும் எண்ணிக்கை குறைஞ்சிருக்கு. ‘மொதல்ல பொண்ணு, ரெண்டாவதாச்சும் பையனா இருக்கட்டும்’கிற ஒத்தை வாக்கியத்தை உங்க வீட்டுத் திண்ணையில நீங்களே கேட்டிருப்பீங்க. வரதட்சணை, நிலத்துக்கு வாரிசு, கொள்ளி வைக்க ஆளுன்னு காரணம் வரிசையா வரும்.

இதை எதுக்கு காலேஜ் பக்கத்தில எழுதுறேன்னு கேட்கலாம். அந்தக் கணக்கில இருக்கிற குழந்தைகள் 2004-க்கும் 2011-க்கும் நடுவில பிறந்தவங்க. கொஞ்சம் உங்க பிறந்த தேதியைப் பாருங்க. ஆமா, அது நீங்கதான். உங்க செட். உங்க கிளாஸ்ல உங்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்க வேண்டிய ஒருத்தி, வருகைப் பதிவேட்டுக்கே வராமப் போயிட்டா.

அப்படியும் பிறந்து வந்தவங்க என்ன பண்ணினாங்க?

2011-ல அரியலூர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 71 சதவிகிதம். அதுலயும் ஆண்கள் 81, பெண்கள் 62 கூட இல்லை. மாநிலத்துக்கு 80. பெரம்பலூர் 74. கடைசி பெஞ்ச்தான், ஒத்துக்கலாம். இப்போ இன்னொரு பட்டியல் பாருங்க. 2023 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில மாநிலத்திலேயே முதல் மாவட்டம் பெரம்பலூர், 97.67 சதவிகிதம். 2024 பத்தாம் வகுப்பில முதல் மாவட்டம் அரியலூர், 97.31. 2025 ப்ளஸ் டூவிலும் அரியலூரே முதல், 98.82. அம்மா கைநாட்டு, பொண்ணு ஸ்டேட் முதல் மாவட்டத்தில பாஸ்! ஒரே தலைமுறையில இவ்வளவு தாவல் எத்தனை ஊர்ல நடந்திருக்கும்? தேர்ச்சி சதவிகிதம் வேற, மார்க் வேற, அதுக்குப் பிறகு கிடைக்கிற சீட்டு வேறன்னு நீங்க சொல்லலாம். நியாயம்தான். அதுக்கும் இந்த ஊர்லயே ஒரு பேர் இருக்கு.

செந்துறைப் பக்கம் குழுமூர் அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியோட பொண்ணு. 2017 ப்ளஸ் டூவில 1,200-க்கு 1,176. மருத்துவப் படிப்புக்கு அந்த மார்க் போதாது, நீட் மார்க்தான் வேணும்னு ஆன வருஷம் அது. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. 2017 செப்டம்பர் 1-ல அவங்க உயிரோட இல்லை. நீட் வேணுமா வேணாமான்னு உங்க கேன்டீன்ல ரெண்டு கட்சி இருக்கலாம். அரியலூர்ல அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில திறந்தாங்க, 150 சீட். அங்கே இருக்கிற அரங்கத்துக்கு 2023-ல அனிதா பேரை வெச்சாங்க.

பட்டம் வாங்கினா மட்டும் உள்ளூர்லயே வேலையான்னா, முன்னாடி ‘இல்லை’ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம். நாரணமங்கலத்து எம்.ஆர்.எஃப். டயர் ஆலையும் எறையூர் சர்க்கரை ஆலையும் தவிர ஆளுக்கு ஒரு பஸ் டிக்கெட்தான். இப்போ எறையூர் சிப்காட்ல 2023-ல செருப்பு ஆலை உற்பத்தியை ஆரம்பிச்சாச்சு. ஜெயங்கொண்டத்தில தைவான் கம்பெனியோட ஷூ ஆலைக்கு 2024 நவம்பர்ல அடிக்கல் நாட்டி, 15,000 பேருக்கு வேலைன்னு அறிவிச்சாங்க. ஷூ ஆலைகள்ல பெரும்பாலும் பொண்ணுங்களைத்தான் எடுக்கிறாங்க. சம்பளப் பணம் கையில வர்ற பொண்ணைப் பத்தித் திண்ணைப் பேச்சு மாறுமா? பார்க்கணும். வேலைக்குச் சேருறவங்க பி.எஃப். பிடிக்கிறாங்களான்னு முதல் மாசமே கேட்டு வெச்சுக்குங்க, கூச்சப்படாதீங்க.

அப்புறம், ஒரு ஹோம்வொர்க். 2021-ல நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப் போச்சு. 2027 மார்ச் 1-ஐ வெச்சு எடுக்கிறதா 2025 ஜூன்ல அரசு அறிவிச்சது. உங்க வீட்டுக்கு டீச்சரோ வி.ஏ.ஓ. ஆபீஸ்காரரோ வந்து, ‘‘அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?’’ன்னு கேட்பாங்க. அப்பா வழக்கம்போல, ‘‘வீட்லதான் சும்மா இருக்கா’’ன்னு சொல்வார். அம்மா காலையில பருத்தி எடுத்து, மதியம் வெங்காயத் தாள் அறுத்து, சாயங்காலம் மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு அப்போதான் உட்கார்ந்திருப்பாங்க. நீங்க பக்கத்தில இருந்தா, குறுக்கே பேசிடுங்க.

ஊரைச் சுத்திப் பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சா? அப்போ இந்தாங்க ரூட். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலைப் பார்க்கணும்னா திங்கள் இல்லேன்னா வெள்ளி பார்த்துப் போங்க. மத்த நாள்ல கோயில் நடை திறக்கிறதில்லை. அங்கிருந்து சாத்தனூர் கல்மரம், காரை மேடு. மறுநாள் அரியலூர்ப் பக்கம்: வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகம், கரைவெட்டியில பறவைகள் (2024-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த ஏரி), சாயங்கால வெயில்ல கங்கைகொண்ட சோழபுரம். காரையில ஒரு மரத்து நிழல்கூடக் கிடையாது, தண்ணி பாட்டில் ரெண்டு எடுத்துக்குங்க. கல்லு அழகா இருக்கேன்னு பையில போட்டுக்கிட்டு வராதீங்க, அது அங்கேயே கிடக்கட்டும்.